பெப்டைடு மருந்து இதயச் செல்லுக்குச் சக்தி கொடுக்கிறதா, செலவைக் குறைக்கிறதா?

ஆக்சிஜன் கிடைக்காமல் தவிக்கும் எலி இதயத்தில் ஒரு பெப்டைடு மருந்து (அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி) ஏடிபி அளவை, அதாவது செல் செலவழிக்கும் சக்தி நாணயத்தின் அளவைக் காத்தது என்று ஒரு கட்டுரையில் படித்திருக்கிறீர்கள். அப்படியானால் அந்த மருந்து இதயச் செல்லுக்குச் சக்தி கொடுக்கிறது என்றுதானே அர்த்தம், பிறகு ஏன் மாரடைப்பு வந்தவர்களுக்கு அதைப் போடுவதில்லை என்பது உங்கள் கேள்வி. கடைசியில், இணையத்தில் குப்பிகளில் விற்கும் 'இதயப் பெப்டைடு' பற்றியும் ஒரு வரி கேட்டிருக்கிறீர்கள். எனக்குப் பட்டவரை நீங்கள் கேட்பது ஒரு கணக்குக் கேள்வி. கையில் ஏடிபி மிஞ்சியிருக்கிறது என்றால் அது வரவு கூடியதாலா, செலவு குறைந்ததாலா, இல்லை அந்தச் செல்லே சாகாமல் தப்பியதாலா? கட்டுரைகளில் இந்த மூன்றும் ஒரே வாக்கியத்துக்குள் வந்து உட்கார்ந்துவிடுகின்றன. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

உடலுக்கு வெளியே எடுத்த இதயங்களில் ஆற்றல் வளர்சிதை மாற்றத்தை அளப்பது பல வருடங்களாக என் வேலை. நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவர் இல்லை என்பதால் யாருக்கு எந்த மருந்து என்று சொல்ல மாட்டேன். ஆய்வுகள் எதைக் காட்டியிருக்கின்றன, எதைக் காட்டவில்லை என்பது வரைக்கும் சொல்லலாம்.

இதயம் ஓர் அன்றாடங்காய்ச்சி. ஒரு நாளைக்குச் சுமார் 6 கிலோ ஏடிபியைச் செய்து, செய்த கையோடு செலவழிக்கிறது. கையிருப்பு என்று இருப்பது சில துடிப்புகளுக்குத்தான் வரும். பத்து விநாடி அளவில் மொத்தமும் ஒருமுறை புரண்டுவிடும். இந்த வரவில் 95 சதவீதத்துக்கு மேல் செல்லின் மின்நிலையமான மைட்டோகாண்ட்ரியாவில் ஆக்சிஜனைக் கொண்டு நடப்பது. எரிபொருளில் பெரும்பகுதி கொழுப்பு அமிலம். மீதி குளுக்கோஸ், லாக்டேட், கீட்டோன். கொழுப்பு அமிலத்தில் ஒரு மூலக்கூறுக்கு நிறைய ஏடிபி கிடைக்கும், ஆனால் அதே அளவு ஏடிபியைச் செய்யக் குளுக்கோஸைவிடச் சுமார் பத்து சதவீதம் கூடுதலாக ஆக்சிஜன் கேட்கும். ஆக்சிஜன் தாராளமாக இருக்கும்வரை இது ஒரு பொருட்டே இல்லை. தட்டுப்பாடு வந்தால்தான் இந்தப் பத்து சதவீதம் கண்ணில் படும்.

தட்டுப்பாட்டிலும் இரண்டு வகை உண்டு. ரத்தம் ஓடுகிறது, அதில் ஆக்சிஜன் மட்டும் குறைவு என்பது ஒன்று. ரத்தக் குழாயே அடைபட்டு ஓட்டம் நின்றுபோவது இன்னொன்று. முதல் வகையில் குளுக்கோஸ் வந்துகொண்டிருக்கும், கழிவான லாக்டிக் அமிலமும் கழுவப்பட்டுப் போய்க்கொண்டிருக்கும். குளுக்கோஸை உடைக்கும், ஆக்சிஜன் தேவைப்படாத கிளைகாலிசிஸ் வழியாகச் செல் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். இரண்டாம் வகையில் வெளியிலிருந்து எதுவும் வராது, உள்ளிருந்து எதுவும் வெளியேறாது. சேமித்த கிளைகோஜன் தீர்ந்தால் தீர்ந்ததுதான், சேரும் அமிலம் கிளைகாலிசிஸையே மூச்சுத் திணற வைக்கும். 'குளுக்கோஸ் உள்ளெடுப்பைக் கூட்டுகிறது' என்ற பெருமையுள்ள ஒரு பெப்டைடு முதல் வகையில் உதவக்கூடும். முழு அடைப்பின் நடுப்பகுதியில் உள்ளெடுக்க என்ன இருக்கிறது? நீங்கள் படித்த கட்டுரையில் எந்த வகைத் தட்டுப்பாட்டை உண்டாக்கினார்கள் என்பதை முதலில் பாருங்கள்.

ஓட்டத்தை நிறுத்தியதும் நடப்பதைத் திரையிலேயே பார்க்கலாம். தனியே எடுத்த இதயத்துக்கு மகாதமனி வழியாகக் கரைசல் ஊட்டித் துடிக்க வைக்கும் லாங்கன்டார்ஃப் முறை 1895லிருந்தே இருக்கிறது. அப்படித் துடிக்கும் எலி இதயத்தைப் பாஸ்பரஸ்-31 காந்த ஒத்ததிர்வுக் கருவிக்குள் இறக்கினால் திரையில் சில கூம்புகள் எழும்பும். வலப்பக்கம் ஏடிபியின் மூன்று பாஸ்பேட்டுகளுக்கு மூன்று கூம்புகள், நடுவில் உயரமாகக் கிரியாட்டின் பாஸ்பேட் (ஏடிபியை உடனே நிரப்பித் தரும் சேமிப்பு), இடது ஓரத்தில் குட்டையாகத் தனிப் பாஸ்பேட். இப்போது குழாயை மூடுகிறோம். ஏடிபி கூம்புகள் கிட்டத்தட்ட அப்படியே நிற்கும்போதே துடிப்பு தளர்ந்து நின்றுவிடும். அடுத்த சில நிமிடங்களில் நடுக்கூம்பு கரைந்து காணாமல் போகும்; அது இழந்தது இடது ஓரத்துக் குட்டைக் கூம்பில் ஏறும். அந்தக் கூம்பு வளர்ந்தபடியே மெல்ல வலப்பக்கம் நகரும். செல்லுக்குள் அமிலம் ஏறுவதைக் காட்டும் நகர்வு அது: 7.1 அளவில் இருந்த பிஎச் அரை மணி நேரத்தில் 6க்குப் பக்கத்தில் வந்துவிடும். ஏடிபி கடைசியாகத்தான் இறங்கும். அடிமட்டத்துக்கு வந்ததும் தசை விறைத்துக் கல்லாகும்.

இதில் இரண்டு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். துடிப்பை நிறுத்தியது இதயத்தின் முதல் சிக்கனம். அறுவை சிகிச்சையில் பொட்டாசியம் கலந்த குளிர்ந்த கரைசலால் இதயத்தை வேண்டுமென்றே நிறுத்தி வைப்பதும் இதே கணக்கில்தான். (இன்றுவரை அதைவிடச் சிறந்த ஏடிபி காப்பான் எதுவும் இல்லை, அதில் ஒரு பெப்டைடும் கிடையாது.) இரண்டாவது ஒரு விரயம். ஆக்சிஜன் இருக்கும்போது ஏடிபியைச் செய்துகொடுத்த அதே மைட்டோகாண்ட்ரிய நொதி, ஆக்சிஜன் போனதும் தலைகீழாகச் சுற்றி, இருக்கிற ஏடிபியைத் தின்ன ஆரம்பிக்கும். தன் சவ்வின் மின்னழுத்தத்தைத் தாங்கிப்பிடிக்க அது செய்யும் வேலை இது. அதை மட்டுப்படுத்த ஐஎஃப்1 என்ற சிறு புரதம் செல்லிலேயே உண்டு. ஆகவே அடைப்பு நேரத்தில் ஏடிபி மிஞ்சியது என்றால் பெரும்பாலும் ஏதோ ஒரு செலவு குறைந்திருக்கிறது. வரவு அதிகரிக்க அப்போது கிட்டத்தட்ட வழியே இல்லை.

குழாயைத் திறந்துவிட்ட பிறகுதான் கதை சுவாரசியமாகிறது. உயிர் தப்பிய இதயத்தில் நடுக்கூம்பு சில நிமிடங்களில் துள்ளி எழும். சில சமயம் பழைய உயரத்தையும் தாண்டும். ஏடிபி கூம்புகளோ பாதி உயரத்திலேயே நின்றுவிடும். மைட்டோகாண்ட்ரியா வேலை செய்யவில்லை என்று புதிதாக வரும் மாணவர்கள் உடனே எழுதிவிடுவார்கள். அப்படி இல்லை. அடைப்பின்போது ஏடிபி படிப்படியாக உடைந்து ஏஎம்பி, அடினோசின், ஐனோசின் என்று இறங்கியிருக்கும். சவ்வைத் தாண்டக்கூடிய அந்தச் சிறு மூலக்கூறுகள் திறந்தவுடன் கழுவிக்கொண்டு போய்விடும். மூலக்கூறின் அடிப்படைக் கட்டே தொலைந்ததால் மறுபடி சேர்க்க நாட்கணக்கில் ஆகும். வரவு சரியாக இருந்தும் கையிருப்பு குறைவாக இருக்கும் நிலை இது. கிரியாட்டின் பாஸ்பேட் எழுந்த வேகம்தான் மைட்டோகாண்ட்ரியாவின் உடல்நிலையைச் சொல்லும். ஏடிபி எண்ணை மட்டும் கொடுத்துவிட்டு, மொத்த அடினைன் நியூக்ளியோடைடையும் (ஏடிபியும் அது உடைந்த ஏஎம்பி போன்றவையும் சேர்ந்த கூட்டுத்தொகை) கிரியாட்டின் பாஸ்பேட்டையும் சொல்லாத கட்டுரையை நான் பாதி நம்பிக்கையோடுதான் படிப்பேன்.

சாவும் பெரும்பாலும் திறந்த பிறகு, முதல் சில நிமிடங்களில் தீர்மானமாகிறது. அடைப்பின்போது சேர்ந்த சக்சினேட் என்ற வளர்சிதைப் பொருள் ஆக்சிஜன் வந்ததும் மடமடவென எரிந்து நச்சு ஆக்சிஜன் மூலக்கூறுகளைக் கக்குகிறது; 2014இல் வந்த ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. அமிலம் வெளியேறும்போது சோடியமும், அதைத் தொடர்ந்து கால்சியமும் செல்லுக்குள் புகுகின்றன. இவை சேர்ந்து மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் ஒரு பெரிய துளையைத் திறந்துவிடும். அது திறந்து நின்றால் அந்த மைட்டோகாண்ட்ரியா ஏடிபி செய்யாது, செல்லும் பிழைக்காது. பெப்டைடு மருந்துகளில் சில இந்தத் துளையைச் சுற்றித்தான் குறிவைக்கின்றன.

சரி, மருந்துகளுக்கு வருவோம். மூத்தது இன்சுலின், 51 அமினோ அமிலம் கொண்ட அதுவும் பெப்டைடுதான் என்பதை மறந்துவிடுகிறோம். குளுக்கோஸ் வாயிலான குளுட்4 புரதத்தைச் செல்லின் மேற்பரப்புக்கு அழைத்து வருவது, ரத்தத்தில் கொழுப்பு அமிலத்தைக் குறைப்பது, ஏகேடி என்ற நொதி வழியாகச் சாவைத் தள்ளிப்போடுவது என மூன்றையும் செய்யும். குளுக்கோஸ், இன்சுலின், பொட்டாசியம் மூன்றையும் சேர்த்து ஏற்றும் முறை 1960களிலிருந்து பேசப்படுகிறது. விலங்குகளில் அழகாக வேலை செய்தது. 2005இல் 20,201 மாரடைப்பு நோயாளிகளில் சோதித்தபோது 30 நாள் இறப்பு, மருந்து பெற்றவர்களில் 10.0 சதவீதம், பெறாதவர்களில் 9.7. ஒன்றும் நடக்கவில்லை. 2012இல் ஆம்புலன்ஸிலேயே ஏற்றிப் பார்த்தார்கள்; மாரடைப்பாக முற்றுவதை அது தடுக்கவில்லை, ஆனால் இதயநிறுத்தமும் மருத்துவமனை இறப்பும் சேர்ந்த கணக்கில் குறைவு தெரிந்தது. அது முதன்மை இலக்கு இல்லை என்பதால் பெரிதாகக் கொண்டாட முடியாது. இருந்தாலும் நேரம்தான் ஆட்டத்தைத் தீர்மானிக்கிறது என்ற சந்தேகத்துக்கு அது தீனி போட்டது.

அடுத்தது ஜிஎல்பி-1. குடலில் சுரக்கும் இந்தப் பெப்டைடு ரத்தத்தில் ஓரிரு நிமிடமே தாங்கும். டிபிபி-4 நொதி வெட்டிவிடும். எலி இதயத்தில் குளுக்கோஸ் உள்ளெடுப்பைக் கூட்டியது, இறந்துபோகும் தசைப் பரப்பைக் குறைத்தது என்ற அளவில் ஆய்வக முடிவுகள் பலமானவை. எப்படி என்பதில்தான் வழக்கு. ஜிஎல்பி-1 ஏற்பி இதயத்தின் மேலறையான ஏட்ரியத்தில், குறிப்பாகத் துடிப்பைத் தொடங்கும் பகுதியில் தெளிவாகத் தெரிகிறது. ரத்தத்தைத் தள்ளும் கீழறையான வென்ட்ரிக்கிளின் தசைச் செல்லில் எவ்வளவு என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை. ஏற்பியே இல்லாத எலிகளில்கூட, டிபிபி-4 வெட்டிய துண்டு இதயத்தைக் காத்ததாக 2008இல் வந்த முடிவு இன்னும் முடிச்சைப் போட்டது. மனிதர்களில், 2004இல் மாரடைப்புக்குப் பிறகு 72 மணி நேரம் ஜிஎல்பி-1 ஏற்றிய 10 பேரில் இதயம் ரத்தத்தைத் தள்ளும் விகிதம் 29இலிருந்து 39 சதவீதமாக உயர்ந்தது. பத்துப் பேர், அதுவும் குலுக்கல் முறையில் பிரிக்கப்படாதவர்கள். நம்பிக்கை தரும், நிரூபணம் ஆகாது. 2012இல் 172 பேரிடம், குழாயைத் திறப்பதற்குக் கால் மணி நேரம் முன்பே, ஜிஎல்பி-1 போலச் செயல்படும் எக்ஸனடைடு ஏற்றத் தொடங்கினார்கள். ஆபத்தில் இருந்த தசையில் தப்பிய பங்கு 0.62இலிருந்து 0.71 ஆகக் கூடியது. பின்னால் வந்த வேறு சில சோதனைகளில் அந்தப் பலன் தெரியவில்லை.

இதே குடும்பத்தை நாள்பட்ட இதயச் செயலிழப்பில் முயன்றபோது நிலைமை இன்னும் மோசம். 2016இல் 300 பேரிடம் லிராக்ளுடைடு எந்த நன்மையும் தரவில்லை. இன்னொரு சோதனையில் இதயத் துடிப்பு வேகம் கூடியது, தீவிர இதயப் பாதிப்புகளும் மருந்துக் குழுவில் அதிகம். துடிப்பு கூடினால் செலவு கூடும். ஏற்கெனவே பஞ்சத்தில் இருக்கும் இதயத்துக்கு அது நல்லதில்லை. அப்புறம் இதே மருந்துகள் எப்படி மாரடைப்பைக் குறைக்கின்றன என்று கேட்பீர்கள். குறைப்பது உண்மை: 2023இல் வெளியான, 17,604 பேர் பங்கேற்ற சோதனையில், சர்க்கரை நோய் இல்லாத, உடல் எடை கூடிய இதய நோயாளிகளிடம் செமாக்ளுடைடு இதய இறப்பு, மாரடைப்பு, பக்கவாதம் சேர்ந்த கணக்கை 20 சதவீதம் குறைத்தது. ஆனால் அது மாதக்கணக்கில் எடை, ரத்த அழுத்தம், அழற்சி, ரத்தக் குழாய் வழியாக வரும் பலன் என்பதே பொருத்தமான விளக்கம். ஆக்சிஜன் நின்ற அரை மணி நேரத்தில் செல்லுக்குள் நடப்பதை மாற்றியதற்கு அது சாட்சி இல்லை. இந்த இரண்டையும் கலந்து எழுதும் கட்டுரைகள் இப்போது ஏராளம்.

மைட்டோகாண்ட்ரியாவையே நேரடியாகத் தொடும் பெப்டைடுகள் இரண்டைச் சொல்ல வேண்டும். ஒன்று சைக்ளோஸ்போரின், 11 அமினோ அமிலம் வளையமாகச் சேர்ந்தது. உறுப்பு மாற்று மருந்தாக எல்லோருக்கும் தெரியும். சைக்ளோபிலின்-டி என்ற புரதத்தைப் பிடித்து, நான் சொன்ன அந்தத் துளை திறப்பதைத் தடுக்கும். 2008இல் 58 பேரிடம் நடந்த சோதனை, தசைச் சேதம் குறைந்தது என்று காட்டியபோது துறையே எழுந்து நின்றது. 2015இல் 970 பேரிடம் செய்ததும் பலன் பூஜ்யம். துளை என்ற கருத்தே தவறு என்று இதிலிருந்து நான் முடிவுகட்ட மாட்டேன். திறந்த அந்தச் சில நிமிடங்களுக்குள் மருந்து தேவையான இடத்துக்கு, தேவையான அளவில் போய்ச் சேர்ந்ததா என்பது தனிக் கேள்வி.

இன்னொன்று எலாமிப்ரடைடு, நான்கே அமினோ அமிலம். மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் உள்ள கார்டியோலிப்பின் என்ற கொழுப்போடு ஒட்டிக்கொள்ளும். எலக்ட்ரான் கடத்தும் புரதங்கள் ஒழுங்காக அடுக்கி நிற்க அந்தக் கொழுப்பு வேண்டும். அடைப்பின்போது அது சிதைகிறது. வரவையே சரிசெய்ய முயலும் பெப்டைடு என்று யாரையாவது காட்டச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன். ஆனால் 2016இல் வெளியான மாரடைப்புச் சோதனையில் சேத அளவு குறையவில்லை. அது கடைசியில் இடம் பிடித்தது வேறெங்கோ: கார்டியோலிப்பினைச் சரியாகச் செய்ய முடியாத பார்த் சிண்ட்ரோம் என்ற அரிய பிறவி நோய்க்கு, 2025இல் அமெரிக்க மருந்து ஆணையம் துரித வழியில், தசை வலிமை கூடியதை வைத்து, அனுமதி கொடுத்தது. கொழுப்பின் குறை நிரந்தரமாக இருக்கும் நோயில் மருந்துக்கு வாரக்கணக்கில் அவகாசம் கிடைக்கிறது. மாரடைப்பில் கிடைப்பது நிமிடங்கள்.

நீங்கள் படித்தது உடலே சுரக்கும் அப்பெலின் அல்லது கேலனின் என்ற பெப்டைடுகளின் துண்டுகளைப் பற்றியது என்றால், அவை இன்னும் ஆய்வு நிலையில் இருப்பவை. தனி எலி இதயத்தில் ஏடிபியும் கிரியாட்டின் பாஸ்பேட்டும் கூடுதலாக மீள்வது, லாக்டேட் குறைவது, செல் உடைந்து கசியும் நொதிகள் குறைவது எல்லாம் ஒரே பக்கம் சாய்கின்றன. கசிவும் சேர்ந்தே குறைகிறது என்பதால், முதலில் செல் தப்புகிறது, ஏடிபி அதன் விளைவு என்ற வாசிப்பே எனக்கு நியாயமாகப் படுகிறது. இறந்த செல்லில் ஏடிபி இருக்காது அல்லவா. தப்பிய செல்கள் கூடினாலே ஒரு கிராம் தசைக்கு இத்தனை என்ற சராசரியும் கூடிவிடும். இதயமே சுரக்கும் நேட்ரியூரெடிக் பெப்டைடு பற்றியும் ஒரு வார்த்தை: ஜப்பானில் 2007இல் வெளியான சோதனையில் அந்த வகையைச் சேர்ந்த ஏஎன்பி ஏற்றியவர்களுக்கு மாரடைப்பின் பரப்பு சுமார் 15 சதவீதம் குறைந்தது. மனிதர்களில் வந்த நல்ல முடிவுகளில் அது ஒன்று. ஆனால் அது ரத்தக் குழாயை விரித்துச் சுமையையும் குறைக்கும் மருந்து. ஆற்றலால் வந்த பலன் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

எலியில் பலித்தது மனிதரில் ஏன் பலிப்பதில்லை என்பதற்கு ஒற்றைப் பதில் இல்லை. ஆய்வக எலி இளையது, சர்க்கரை நோய் இல்லாதது, வேறு மருந்து சாப்பிடாதது. அதற்கு மருந்தை அடைப்புக்கு முன்பே கொடுத்துவிடலாம். மனிதர் வலி வந்து மணிக்கணக்கில் கழித்து வருகிறார், அதற்குள் இறக்க வேண்டிய செல்களில் பெரும்பகுதி இறந்திருக்கும். அடைபட்ட குழாய் வழியாக மருந்தும் போகாது. என் கருத்தில் இந்த நேரச் சிக்கல்தான் முதல் காரணம், மற்றதெல்லாம் அதற்குப் பின்னால். ஆகவே உங்கள் கட்டுரையின் செய்முறைப் பகுதியைத் திறந்து, மருந்து எப்போது கொடுத்தார்கள் என்ற வரியைத் தேடுங்கள். அடைப்புக்கு முன் என்றால் அது திட்டமிட்ட இதய அறுவை சிகிச்சைக்குப் பொருந்தலாம், மாரடைப்புக்கு நேரடியாகப் பொருந்தாது. அடுத்து, அந்த இதயம் செய்த வேலையின் அளவு, அதாவது துடிப்பு வேகமும் அழுத்தமும், பக்கத்திலேயே கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். குறைவாக வேலை செய்து ஏடிபியை மிச்சம் பிடித்த இதயமும், அதே வேலையைச் செய்து மிச்சம் பிடித்த இதயமும் ஒன்றாகாது.

குப்பி விஷயம். பிபிசி-157, மாட்ஸ்-சி போன்ற பெயர்களில் 'மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தெம்பு' என்று விற்பவற்றில் மாட்ஸ்-சி 2015இல் விவரிக்கப்பட்ட உண்மையான மைட்டோகாண்ட்ரியப் பெப்டைடுதான், ஆராயத் தகுந்ததும்கூட. ஆனால் மாரடைப்பில் இவை உதவும் என்று காட்டிய பெரிய மனிதச் சோதனை எதுவும் இல்லை. பிபிசி-157 விளையாட்டு வீரர்களுக்கு 2022 முதல் தடைசெய்யப்பட்டது. 'ஆய்வுக்கு மட்டும்' என்று ஒட்டி விற்கும் குப்பியில் எழுதியிருக்கும் பொருள்தான் இருக்கிறதா, கிருமியில்லாமல் இருக்கிறதா என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. எங்கள் ஆய்வகத்தில்கூட வாங்கிய பெப்டைடின் தூய்மையை அளந்து பார்க்காமல் எலி இதயத்துக்குக் கொடுப்பதில்லை.